எட்டாயிரம் அழுத்தம்

இல்லம்மா, இந்தச் சின்ன டிராயிங் பலகை சரிப்படாது. என் கம்ப்யூட்டர் ஸ்க்ரீன் பெருசு. இதுல பேனாவை ஒரு விரக்கடை நகர்த்தினா அங்க அம்பு மூக்குலேருந்து காதுக்குப் போய் நிக்குது. மூக்குல இருக்குற மருவை எடுக்கப் போய்க் காதை எடுத்துட்டு வந்தா ஜனங்க சும்மா விடுவாங்களா?

ஆமா, மூணாவது தடவைதான் வரேன். எண்ணிக்கிட்டே இருக்கீங்களா? தப்பில்லை. பின்னாடி நிக்கிறாரே, அவரை முதல்ல கவனிங்க, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. போயிட்டாரா? என்னாலயா? ஐயையோ.

ஸ்டுடியோதாம்மா வச்சிருக்கேன். பாஸ்போர்ட் போட்டோ, குடும்பப் படம், கிழிஞ்ச படத்தை ஒட்டிக் குடுக்குறது. முதலாளியும் நானே, தொழிலாளியும் நானே, கொஞ்சம் சிரிங்கன்னு கெஞ்சுறவனும் நானே. இத்தனை வருஷமா எல்லாத்தையும் மவுஸ்லயே ஓட்டிட்டேன். மவுஸ்ல முடி வரையறது எப்படி இருக்கும் தெரியுமா? செங்கல்லைக் கையில புடிச்சுக்கிட்டுக் கண்ணுக்கு மை வைக்கிற மாதிரி. போன மாசம் ஒரு டீச்சரம்மா வந்தாங்க, தாடைக்குக் கீழ தொங்குற சதையை மட்டும் எடுத்துடுங்கன்னாங்க. எடுத்தேன். சதையோட கழுத்தும் போயிடுச்சு. தலை நேரா தோள்ல உக்காந்திருக்கு. அவங்க பாத்துட்டு, பரவாயில்லை, இளமையா இருக்கேன்னு வாங்கிட்டுப் போனாங்க. இன்னொருத்தர், மண்டையில ஒத்த முடி கிடையாது, பாஸ்போர்ட் படத்துல முடி போடுன்னு நிக்கிறார். அதெல்லாம் கூடாது சார்னா, போன வருஷம் வரைக்கும் இருந்துச்சுப்பா, இல்லாததையா கேக்குறேன்னு சண்டைக்கு வர்றார்.

சரி, அந்த ஸ்க்ரீன் வச்சது எப்படி? படத்து மேலயே வரையலாமா? வரைஞ்சு பாக்கட்டுமா? அட, நல்லாத்தான் இருக்கு. ஆனா பாருங்க, என் கையே படத்தை மறைக்குது. எந்த இடத்துல வரையணுமோ அந்த இடம் என் கைக்குக் கீழ கிடக்கு. அப்புறம் இதோட கனம்! என் மேஜையில ஏற்கெனவே பிரிண்டர், கட்டர், வர்றவங்க தலை சீவுற சீப்பு, கண்ணாடி எல்லாம் இருக்கு. இதை வச்சா நான் கஸ்டமர் மடியில உக்கார வேண்டியதுதான்.

இதுல என்ன போட்டிருக்கு, எட்டாயிரம் அழுத்தமா? எதுக்குங்க அத்தனை? எனக்குத் தெரிஞ்சது ரெண்டே அழுத்தம். அழுத்துறது, அழுத்தாம இருக்குறது. ஓ, மெல்ல வச்சா மெல்லிசா வரும், அழுத்தினா தடிமனா வருமா? அப்ப அந்த நடு சைஸ்ல காட்டுங்க. கை இங்க, கண்ணு அங்கயா? பழக எத்தனை நாள் ஆகும்? ஒரு வாரமா? நாலு நாள்ல பழக முடியாதா?

என்னது? ஆமா, விரல்தான் வரையறேன். நேத்தும் விரல்தான் வரைஞ்சேனா? கவனிச்சிருக்கீங்களே! முடி, விரல், ரெண்டும் வந்துட்டா மத்ததெல்லாம் தானா வந்துடும். பாருங்க, இது கட்டை விரல். வாழைக்காய் மாதிரி இருக்கா? இருக்கும்.

சரி, நீங்க பொறுமையா கேக்குறீங்க, சொல்றேன். எங்க வீட்டு ஹால்ல ஒரு படம் மாட்டியிருக்கு. நான் எடுத்ததுதான். டைமரைத் தட்டிவிட்டுட்டு ஓடி வந்து நின்னேன், அதனால அதுல எனக்கு மட்டும் வாய் திறந்திருக்கும். அப்பா நாற்காலியில. பின்னாடி அம்மா. அம்மா பக்கத்துல எங்கக்கா. அம்மா கை அக்கா தோள் மேல.

அக்கா யாரையும் கேக்காம கல்யாணம் பண்ணிக்கிட்டா. ஒன்பது வருஷம் ஆச்சு. அப்பா, அவ இனிமே இந்த வீட்ல கிடையாதுன்னுட்டார். படத்துலேருந்தும் அவளை எடுத்தாச்சு. மவுஸ்லதான். ஆளை எடுத்துட்டேன், ஆனா அம்மா கை அந்தரத்துல நிக்குது. அதை என்ன பண்றது? ஆள் உசரத்துக்கு ஒரு தொட்டிச் செடியைக் கொண்டுவந்து கைக்குக் கீழ வச்சேன். அம்மா செடிக்கு ஆறுதல் சொல்ற மாதிரி ஆயிடுச்சு. வீட்டுக்கு வர்றவங்கள்லாம் அது என்ன செடி, எங்க வாங்கினீங்கன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. எங்கத்தை ஒருபடி மேல போய், எனக்கு ஞாபகம் இருக்கே, நல்லா பூக்குமேன்னாங்க.

அப்பாவும் அதையே புடிச்சுக்கிட்டார். அக்கா பேரைச் சொல்லமாட்டார். செடி வேலைக்குப் போவுதாமே. செடிக்குப் பொண்ணு பொறந்திருக்காம். சித்தி போன்ல சொன்னதை அப்படித்தான் எங்கிட்ட சொல்வார். சிரிக்கவும் முடியாது, பேசாம இருக்கவும் முடியாது. அம்மா அந்தப் படத்துக் கண்ணாடி துடைக்கும்போது செடி இருக்குற இடத்தை மட்டும் ரெண்டு தடவை துடைப்பாங்க.

இல்லம்மா, இப்ப இல்லை. தவறிட்டாங்க, ஆறு வருஷமாச்சு. அன்னிக்குத்தான் அக்கா வந்தா. அழுதுட்டு நிமிர்ந்தவ சுவத்தைப் பாத்தா. இது யார் செஞ்ச வேலைன்னு கேட்டா. அப்பா, என் வீட்டுச் சுவர், என் இஷ்டம்னார். அவ்வளவுதான், செருப்பை மாட்டிட்டுப் போனவதான். அதுக்கப்புறம் அவரோட பேச்சே கிடையாது.

இப்ப அவ வீட்டுக்காரர் போன் பண்ணியிருக்கார். குழந்தை தாத்தாவைப் பாக்கணும்னு ஒரே பிடிவாதமாம். ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றாங்க. அப்பா காலையில காபியைக் குடிச்சுட்டு எங்கிட்ட, செடி நேர்லயே வருதுடா, சுவத்துல இருக்குறதை எடுத்துட்டுப் பழையபடி பண்ணிடுன்னார்.

பழைய படமா? அது இருந்தா நான் ஏன் உங்க உசிரை எடுக்கப் போறேன்? கம்ப்யூட்டர் ஒருநாள் மொத்தமாப் படுத்துடுச்சு, உள்ள இருந்ததெல்லாம் போச்சு. அக்கா முகத்துக்கு அவ காலேஜ் அடையாள அட்டைப் படம் இருக்கு, பெருசு பண்ணிக்கலாம். தோள் கூட எப்படியோ கொண்டுவந்துடலாம். அம்மா விரல்தான். செடி வைக்கும்போது நாலு விரலை இலையை வச்சு மூடிட்டேன். இப்ப அந்த விரலை நான்தான் வரையணும். சும்மா வச்ச கை இல்லம்மா அது, லேசா அமுக்கிப் புடிச்சிருப்பாங்க.

ஐயோ, எங்கப்பாவைத் திட்டாதீங்க. அவர் எடுக்கச் சொல்லவே இல்லை. படத்தைக் கொஞ்ச நாள் கழட்டி வைடான்னார், அவ்வளவுதான். எடுத்தது நான். அக்காவும் நானும் ஒரே மேஜையில உக்காந்து வேலை பாத்தவங்க. ஸ்டுடியோவையே ரெண்டு பேருமாத்தான் ஆரம்பிச்சோம். கல்யாண விஷயத்தை சித்திகிட்ட சொல்லியிருக்கா, பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர்கிட்டகூட சொல்லியிருக்கா. எங்கிட்ட சொல்லலை. அந்தக் கோவம். யார் செஞ்சதுன்னு அவ கேட்டப்ப நானும் அங்கதான் நின்னேன், கையில தண்ணிக் கூஜாவோட. அப்பா என்னை ஒரு பார்வை பாத்துட்டு முந்திக்கிட்டார். ஆறு வருஷமா பழியைத் தன் மேலயே போட்டுக்கிட்டு உக்காந்திருக்கார்.

அக்காவுக்கு இன்னும் தெரியாது. சொல்லத்தான் போறேன், ஞாயித்துக்கிழமை. அதான் அந்த நடு சைஸையே கட்டிடுங்க. வெறுங்கையோட நின்னுக்கிட்டு எப்படிம்மா சொல்றது?