புதிய பதிப்புக்கு என் ஆலோசனை

முதலில் வாழ்த்துகள். புதிய ரோபோ கிட்டின் பெட்டி நிறம் நன்றாக இருக்கிறது. பழைய பச்சை, பூச்சிமருந்து டப்பாவை ஞாபகப்படுத்தும்.

அடுத்த பதிப்பில் வரப்போகும் மேம்பாடுகளின் பட்டியலை அனுப்பி, கருத்துச் சொல்லுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தமிழில் எழுதுகிறேன். எனக்குக் கன்னடம்தான் வேகமாக வரும். ஆனால் எங்கள் காலேஜ் ஆபீஸில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. அம்மா அடித்து அடித்து எழுத்துக் கற்றுக்கொடுத்தது இப்படியெல்லாம் உதவும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். அவர் தூங்கிவிட்டார். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள்.

என் பெயர் மனிஷா. பதினாறு வயது. மைசூரில் பி.யு.சி. முதல் வருடம். எங்கள் காலேஜ் ரோபோ கிளப்பில் புரோகிராம் எழுதுவது நான். ரோபோவை ஓட்டிக்கொண்டிருந்தவன் கவின்ராஜ். இப்போது யாரும் ஓட்டுவதில்லை.

பட்டியலை முழுவதும் படித்தேன். பேட்டரி குறைந்தால் இனி பாட்டுப் பாடுமாம். சந்தோஷம். நாம் வாயால் சொன்னால் கிட் தானாகவே புரோகிராம் எழுதிக்கொள்ளுமாம். என்னைப் போன்றவர்கள் இனி ஓய்வெடுக்கலாம். அதற்குக் கீழே, ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால் மோட்டார் இனிமேல் தானாக மறுபடி ஓடாது, கையால் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும் என்று இருக்கிறது. பக்கத்தில் சிறிய எழுத்தில், 'ஒரு கல்லூரியில் நடந்த துரதிர்ஷ்டவசமான விபத்தைத் தொடர்ந்து' என்று போட்டிருக்கிறீர்கள். எங்கள் காலேஜ் பெயரைப் போடாததற்கு நன்றி.

கடைசி மேம்பாட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். திங்கட்கிழமை வரும் அப்டேட்டைப் போட்டால், ரோபோவின் மூளையான போர்டில் செய்த கடைசி ஐம்பது மாற்றங்களும் திரையில் வரும். எந்த எண்ணை, யார், என்றைக்கு, எத்தனை மணிக்கு மாற்றினார்கள் என்று. போர்டு இதையெல்லாம் இத்தனை நாளும் குறித்துக்கொண்டுதான் இருந்ததாம். படிக்கத்தான் வழி இல்லாமல் இருந்ததாம். இதை முன்பே சொல்லியிருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு பிரின்சிபால் அறையில், விசாரணைக் குழுவின் முன்னால், அந்த அப்டேட்டைப் போடப்போவது நான்தான். கிளப்பில் அது தெரிந்தவள் நான் ஒருத்தி. திரையில் என் பெயர் வரும். அதற்குமுன் நானே விளக்கிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

எங்கள் ரோபோ ஒரு செருப்புப் பெட்டி அளவு இருக்கும். முன்னால் ஒரு தகடு சுழலும். நீங்கள் கொடுத்தது பிளாஸ்டிக் தகடு. கவினுக்கு அது பொம்மையாகத் தெரிந்ததால் லேத் பட்டறையில் இரும்பில் வெட்டிப் போட்டான். ரோபோவைத் தூக்குமுன் பின்பக்கத்துச் சிவப்புப் பிளக்கைப் பிடுங்கவேண்டும் என்று உங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பிடுங்கினால் பேட்டரியிலிருந்து கரண்ட் வராது. ஆனால் பிளக் இறுக்கம். மண்டிபோட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் இழுக்கவேண்டும். ஹீரோக்கள் மண்டிபோடுவதில்லை.

கவின் ரிமோட்டை அணைப்பான். தகடு மெல்ல நிற்கும். ரிமோட்டைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு கூட்டத்துக்குக் கையாட்டுவான். பிறகு குனிந்து, தகட்டின் அடியில் கைகொடுத்து ரோபோவைத் தூக்குவான். கிளப்பில் எல்லோரும் அவனைப் பார்த்து அப்படியே பழகிவிட்டார்கள்.

"கவின், பிளக்கப் புடுங்கிட்டுத் தூக்கு" என்றேன் ஒருநாள்.

"அட சும்னிரு குரு. ரிமோட்ட அமத்துனா அது பொணமாட்டக் கெடக்குது. பொணத்துக்கு எதுக்குப் பிளக்கு?"

அவன் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரன், ஹாஸ்டலில் இருந்தான். யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவான். என்னிடம் தமிழில் சொன்னதை உடனே மற்றவர்களுக்காகக் கன்னடத்தில் ஒருமுறை சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். லேப் பொறுப்பாளர் ஜடையன் சார்கூடச் சிரித்தார். இப்படி மூன்று முறை சொன்னேன். மூன்று முறையும் சிரிப்பு வந்தது. நான் நகைச்சுவையாகப் பேசுகிறவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அக்டோபரில் நீங்கள் ஒரு கடிதம் அனுப்பினீர்கள். புதிய கிட்டை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க மைசூரிலிருந்து ஒரு மாணவர். பெங்களூரில் பத்து நாள், உங்கள் பொறியாளர்களோடு. கவின்ராஜின் ரோபோ அவ்வளவு துல்லியமாக நகர்வதைக் கண்டு வியந்ததாக எழுதியிருந்தீர்கள். துல்லியத்தை எழுதியவள் நான். ஆறு மாதம் எழுதினேன்.

"நீயும் வா மனி" என்றான் அவன். "பஸ்ஸுல எம்பட பெட்டியத் தூக்கறக்கு ஒரு ஆளு வேணுமில்ல."

இதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அந்த வாரம்தான் உங்கள் சோதனை மென்பொருள் வந்தது. ஜடையன் சார் அதைப் போர்டில் ஏற்றி, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு புது வசதி. தொடர்பு அறுந்தால், ரிமோட்டை நாமே அணைத்தாலும்கூட, ரோபோ நின்று, சில வினாடி காத்திருந்து, விட்ட வேலையைத் தானே மறுபடி தொடரும். வயலில் மருந்தடிக்கும் ரோபோ பாதியில் நின்றுவிடக்கூடாது என்பதற்காக என்று விளக்கம் போட்டிருந்தீர்கள். எத்தனை வினாடி என்று நாமே எண் கொடுக்கலாம். பூஜ்யம் கொடுத்தால் தொடராது. சார் பூஜ்யத்திலேயே விட்டிருந்தார். நான் மாற்றினேன்.

பயமுறுத்தத்தான். பிணம் கண்முன்னால் எழுந்து உறுமினால் அடுத்தமுறை மண்டிபோட்டுப் பிளக்கைப் பிடுங்குவான். பாதுகாப்பு விழிப்புணர்வு என்று உங்கள் கையேட்டில் ஒரு தனி அத்தியாயமே இருக்கிறது.

பொறுப்பில்லாமல் செய்யவில்லை. காலேஜ் கண்காட்சிப் போட்டிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, புரோகிராமைச் சரிபார்க்கவேண்டும் என்று சொல்லி ரோபோவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் தேவராஜ மார்க்கெட்டில் இறங்கி முள்ளங்கி வாங்கினேன். கடைக்காரம்மா தேவம்மா எனக்குப் பழக்கம்.

"ஏன் கண்ணு, எல்லாரும் தடியாப் பாத்து எடுப்பாங்க. நீ என்ன நோஞ்சானாப் பொறுக்கற?"

"இந்த சைஸ்தாங்க்கா வேணும்."

"என்ன கொழம்பு வெக்கப்போற?"

"காலேஜ் ப்ராஜெக்டுக்குக்கா."

என் நடுவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தேன். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ரோபோவை வைத்து, முள்ளங்கியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் தகடு சொன்ன நேரத்தில் எழுந்தது. மென்பொருளில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் பொறியாளர்களிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். மீதி முள்ளங்கியை அம்மா சாம்பாரில் போட்டார்.

மறுநாள் கண்காட்சியில் கவின் வழக்கம்போல ஜெயித்தான். ரிமோட்டை அணைத்தான். தகடு நின்றது. பாக்கெட்டில் செருகினான். கையாட்டினான். குனிந்தான். நான் லேப்டாப் மேஜையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிளக் என்று நாலாவது முறை சொல்லியிருக்கலாம். மூன்று முறை சொன்னாயிற்றே என்று இருந்துவிட்டேன்.

வலது கையில் மூன்று விரல்கள் போயின. ஒன்றை டாக்டர்கள் தைத்துப் பார்த்தார்கள், சேரவில்லை.

ஜடையன் சாரை சஸ்பெண்ட் செய்தார்கள். ரெஜிஸ்டரில் அவர் கையெழுத்துதானே இருக்கிறது. பாவம்தான். ஆனால் பூஜ்யத்தை யாரும் மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கலாம். அவருக்கு எதிராக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. கவினின் அம்மா ஜோதிமணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"நீ சொன்னியாமா கண்ணு. ஒருவாட்டிக்கு மூணுவாட்டி சொன்னியாமா. இவந்தான் கேக்கலையாமா. உன்னாட்ட ஒரு புள்ள பக்கத்துல இருந்தும் இப்படி ஆயிப்போச்சே."

கவின் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"நீ சொன்னது செரிதா மனி" என்றான்.

நான் சொன்னதை அவன் சரி என்று ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. வெளியே வந்து ஆட்டோவில் ஏறியபிறகும் அது காதிலேயே இருந்தது. அந்த நிமிடம் எனக்கு மனசு லேசாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

பிறகு உங்கள் இரண்டாவது கடிதம் வந்தது. கவின்ராஜ் வரமுடியாத நிலையில், அடுத்த தகுதியுள்ள மாணவியாக என்னை அழைத்திருந்தீர்கள். பாதுகாப்பில் அக்கறை உள்ளவர் என்று கல்லூரி பரிந்துரைத்ததாம். வருகிறேன் என்று அன்றைக்கே பதில் போட்டேன். யாராவது போகத்தானே வேண்டும்.

இப்போது திங்கட்கிழமைதான் பிரச்சினை. திரையில் வரப்போகும் வரி எனக்கு இப்போதே தெரியும். மனிஷா, வெள்ளிக்கிழமை, மாலை 7:42, பூஜ்யம் இருந்த இடத்தில் ஒன்பது. பயமாக இருக்கிறது. மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பரீட்சை பயம் என்று அம்மா சாமிக்குக் காசு முடிந்துவைத்திருக்கிறார். வெறும் எண்ணைப் பார்த்தால் யாரும் தப்பாகத்தான் நினைப்பார்கள். அதனால் என் ஆலோசனை ஒன்றே ஒன்று. எண்ணுக்குப் பக்கத்தில், ஏன் மாற்றினோம் என்று எழுத ஒரு கட்டம் வையுங்கள்.

திங்கட்கிழமைக்குள் அது வராது என்று தெரியும். என் கட்டத்தில் வரவேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கவினின் பழைய போட்டி வீடியோக்கள் பதினொன்றை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். ரிமோட்டை அணைத்ததிலிருந்து கணக்கு. ஏழாவது வினாடியில் அவன் கை முழங்கால் உயரத்தில் இருக்கும். ஏழு கொடுத்திருந்தால் திடுக்கிட்டுப் பின்னால் குதித்திருப்பான். எல்லோரும் சிரித்திருப்பார்கள், அவனும் சேர்ந்து சிரித்திருப்பான், அதைக் கன்னடத்தில் வேறு ஒருமுறை சொல்லியிருப்பான். மறுநாளும் ரிமோட்டை மட்டும் அணைத்துவிட்டுத் தூக்கியிருப்பான். ஒன்பதாவது வினாடியில் விரல்கள் தகட்டின் அடியில் இருக்கும். பதினொரு வீடியோவிலும் இருந்தன. நான் ஒன்பது கொடுத்தேன். அவனுடைய பாதுகாப்பில் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தது.