மூலை வீட்டு வாறுகால்

"எங்க வீட்டத் தெருவுலேருந்து எடுத்துருங்கன்னு மனுக் குடுத்துட்டு வாரேன் அண்ணாச்சி."

தென்காசியிலிருந்து செங்கோட்டை போகும் பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் இப்படிச் சொன்னதும் காதைக் கொடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றாலும் தனியாளாக மூன்று கடை கட்டியவன் நான்; மனு, வரி விவகாரத்தில் என்னை யாரும் ஏய்க்க முடியாது.

"ஏம்மா?" என்றார் பக்கத்திலிருந்த அவள் தெருக்காரர். "மழைத்தண்ணி போக வாறுகால் கட்டத்தான தெருக்காரங்ககிட்ட தனி வரி? புதுச் சட்டமே அதுக்குத்தான்."

"நம்மது மூலை வீடுல்லா. வாசல அடுத்த தெருப் பக்கம் திருப்பிட்டா வரி கிடையாதாம்."

"கெட்டிக்காரிதான். அப்போ வாறுகால் உனக்கு முந்தின வீட்டோட நின்னுரும்."

"நிக்கட்டுமே, எனக்கென்ன?"

"தண்ணி போற ஓடை எங்கன இருக்கு?"

"எங்க வீட்டுக்குப் பின்னால."

"குற்றாலத்துல சாரல் பிடிச்சா, தெருத் தண்ணி முழுசும் உன் அடுக்களை வழியாத்தான் ஓடைக்குப் போகுமோ?" என்று சிரித்தார் தெருக்காரர்.

அவள் ஜன்னலில் வழிந்த மழையைப் பார்த்தாள். சட்டென்று எழுந்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"சிரிச்சது போதும், எந்திரிங்க அண்ணாச்சி. ஆபீஸ் பூட்டுததுக்குள்ள அந்த மனுவத் திரும்ப வாங்கணும்."