தொண்டையில் குழாய், வாயால் சம்மதம்

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, நெறிமுறைக் குழுத் தலைவர் அவர்களே, எதிரே கண்கலங்கி நிற்கும் என் செவிலியர் குடும்பமே, அக்காவின் ஒரே தம்பியே! வணக்கம்.

"ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று அக்காவுக்கு இரங்கல் சொன்னார் குழுத் தலைவர். குரல்கூடத் தழுதழுத்தது. அடடா, என்ன கரிசனம்!

தீவிர சிகிச்சைப் பிரிவை இருபத்திரண்டு ஆண்டுகள் கட்டி ஆண்ட தலைமைச் செவிலியர், நம் பெரியக்கா, சட்டத்தை மீறியவரா? ஒருநாளும் இல்லை! அப்பாவின் சுவாசக் கருவியை நிறுத்தச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மகன் வந்தான். "அவசரம் அப்பாவுக்கா, உங்களுக்கா தம்பி?" என்று கேட்டு வாசலைக் காட்டியவர் அவர்!

தசைகளைத் தின்னும் நோய் தனக்கே வந்தபோதும் முறைப்படிதான் முன்கூட்டியே பத்திரம் எழுதிவைத்தார். இரண்டு சாட்சிகள், அதிகாரியின் முத்திரை. "ஊசி போட்டுக் கொல்லச் சொல்லலடி. மெஷினை எடுத்துட்டு, மூச்சுத் திணறாம மருந்து குடுத்து, பக்கத்துல இருங்க. அவ்ளோதான்" என்றார் என்னிடம்.

மயங்கி விழுந்த அன்று, விவரம் தெரியாத புது மருத்துவர் குழாயைச் செருகிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அக்காவின் தம்பி அன்றே பத்திரத்தோடு நெறிமுறைக் குழுவிடம் ஓடினார். குழு எப்போது வந்தது? பன்னிரண்டாம் நாள்! வந்து என்ன கேட்டது? "உங்க விருப்பத்தை வாயால சொல்லுங்கம்மா."

தொண்டையில் குழாய், ஐயா! குழாய்!

அக்கா மூன்று முறை கண்ணை மூடித் திறந்தார். "நோயாளி வாய்மொழியாக உறுதிப்படுத்தவில்லை. ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதினார்கள். எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இந்தக் குழுவின் ஐந்து மேதைகள் ஒரு சாவையே கெடுத்தார்கள்!

இன்னும் பத்தொன்பது நாள். பிறகு இதயம் தானாக நின்றது, குழுவின் அனுமதி இல்லாமலே!

நான் மட்டும் யோக்கியமா? அந்தக் குழாயில் சளியை உறிஞ்சி எடுத்தவள் நான்தான். ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப் போடும். பிறகு என்னைப் பார்ப்பார். "மேல இருக்கறவங்க முடிவு பண்ணட்டும்க்கா" என்றேன். என் தொண்டையில் குழாய் இல்லை. ஆனாலும் நான் உங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. த்தூ!

இனி பேசுவேன். கண்ணால் சொல்வதை இரண்டு செவிலியர் பார்த்து எழுதிக் கையெழுத்திடுவோம். ஏற்காவிட்டால் நீதிமன்றப் படி ஏறுவோம். இது அக்கா மீது ஆணை!

தலைவர் அவர்களே, மாடியில் ஏழாம் கட்டிலில் ஒருவர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறார். அவர் பத்திரம் எட்டு நாளாக உங்கள் மேசையில் கிடக்கிறது. படத்துக்குப் பூவை அப்புறம் போடலாம். எழுந்து வாருங்கள்.