அணைக்கு இந்தப் பக்கம்

– ஜீவராஜ் அண்ணே, ஏன் தோணிய நிறுத்திட்டீங்க? டேமு இன்னும் தூரத்துல இருக்கே.

– துடுப்பு தரையில முட்டுது, பிரேமினி மிஸ். முந்தி இந்த எடத்துல ரெண்டாள் ஆழம்.

– எல்லாம் சேறுண்ணே. அத அளக்கத்தான வந்திருக்கேன். அந்தக் கொழாயக் குடுங்க, சேத்துல எறக்கி மண்ண எடுத்துப் பாப்போம்.

– எறக்குங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

– என்னண்ணே, பயமா?

– ஒண்ணு கேக்குறேன் மிஸ். இந்தச் சேறெல்லாம் கடைசியில கடலுக்குத்தான போகும்?

– அதான் போகலையே. ஆறு ஓடுற வரைக்கும் மண்ணச் சொமக்கும். இங்க வந்து தண்ணி நின்னதும் சொமைய எறக்கிருது. மலை மண்ணு முக்காவாசி இங்கனயே கெடக்கு. அங்க கடலோரத்துல புதுசா மண்ணு படிய வழியில்ல, அலை கரையத் திங்குது.

– மண்ணு சரி. பெரிய சாமான்? மரம், கூரைத் தகரம்?

– பாரமானது மொதல்லயே அமுங்கிரும்.

– இல்ல மிஸ்! அன்னைக்கு மழைக்கு டேம் கதவு தொறந்துதான் இருந்துச்சு!

– என்னைக்கு?

– எங்க லயத்து வீடுங்களுக்கு மேல மலை சரிஞ்ச அன்னைக்கு. எம் பொஞ்சாதி ஜெயந்தினி தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிக்கிட்டு இருந்தா. நானும் எம் மகளும் தேயிலக் கொழுந்து நிறுக்குற மடுவத்துல. வந்து பாத்தா நாங்க குடியிருந்த காம்பரா இல்ல, மொத்தமும் ஆத்துல எறங்கிருச்சு.

– ஐயோ... அவங்க கெடைக்கவே இல்லையா?

– இல்ல. தேட வந்தவங்க, கடலுக்குப் போயிருக்கும்னு சொன்னாங்க. நானும் எம் மக பிரியந்தியும் பஸ்ஸேறி, ஆறு கடல்ல விழுற எடத்துக்கே போயி கருமாதி பண்ணிட்டு வந்தோம். டீவியில கடலக் காட்டுனா இன்னமும் எந்திரிச்சுக் கும்புடுவா எம் மக. சொல்லுங்க மிஸ், கதவு தொறந்திருந்தா போயிருப்பாதான?

– மேல் தண்ணி போயிருக்கும்ணே.

– அவ?

– தெரியல. சத்தியமா எனக்குத் தெரியல.

– படிச்சவங்க நீங்க. போயிருப்பான்னு ஒரு வார்த்த சொல்லிருங்களேன்.

– கொழாய் வேணாம். இன்னைக்கு வேணாம். கரைக்குத் திருப்புங்கண்ணே.

– திருப்புறேன். ஆனா வர்ற திங்கக்கெழம தண்ணிய வத்தவச்சு இந்தச் சேத்தை அள்ளப் போறாங்க மிஸ். மம்பட்டி புடிக்கிறது நான். கூடை தூக்குறது எம் மக.