மனசுல வெச்சிருந்த நேரம்

ராசிபுரத்திலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். மில்லில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளைஞர் ஒருவர், தன் அக்காள் புருஷனிடம் புலம்பிக்கொண்டு வந்தார்.

"நேத்து ஸ்டாக் ஃபைலைத் தொறந்து பார்த்தது நெசமுங்க மச்சான். கம்ப்யூட்டர்தான் நான் பார்க்கவேயில்லைன்னு சாதிக்குது."

"அது பொய் சொல்லுமா மாப்ளே?"

"பொய்யில்லீங்க. ஃபைலைப் பார்த்த நேரத்தை அது உடனே டிஸ்க்குல எழுதாது. மனசுல வெச்சிருந்து, சித்த நேரங்கழிச்சுத்தான் எழுதும். அதுக்குள்ள கரண்ட் நின்னுபோனா பழைய தேதியேதான் இருக்கும்."

"நேத்து கரண்ட் போகலையே?"

"மொதலாளி மெயினை ஆஃப் பண்ணிட்டாருங்க. நான் சேரை விட்டு எந்திரிச்சாப் போதும், ரூம்பு லைட்டை அணைக்கற மாதிரி அணைச்சுப் போடறாரு. ஃபைலைக் கடைசியாப் பார்த்த தேதியை வெச்சுத்தான் நான் வேலை செஞ்சனான்னு கணக்குப் பார்ப்பாரு. இன்னைக்கும் பழைய தேதியே இருந்தா, நாளையிலிருந்து ஊட்டுலயே இருந்துக்கன்னுட்டாரு."

"உங்களாலதான்னு அவருகிட்டயே சொல்லிப் போடு."

"சொன்னா இன்னைக்கேல்ல ஊட்டுல இருக்கோணும்?"

மச்சான் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப என்னதான் பண்ணுவ?"

"ஃபைலைப் பார்த்ததும், அது எழுதி முடிக்கற வரைக்கும் அவரைச் சுச்சுப் பக்கம் உடாம பேச்சுல புடிச்சு வெக்கோணுமுங்க."

"அவரு உன்கிட்ட நின்னு பேசுவாரா?"

"கரண்ட் பில்லு ஏன் இத்தனை வருதுன்னு கேப்பனுங்க. மத்தியானச் சோத்துக்குக்கூடப் போகமாட்டாரு."