ஏறுவதா, இறங்குவதா

– சூட்ட மீட்டருக்கு அனுப்புற புது டிரான்ஸ்மிட்டர் எதை வாங்கப் போறீங்க? வாயத் திறங்க மாமா. இல்லன்னா உங்க கைய அந்த ரப்பர் பிரஸ் தகட்டுல வச்சு அழுத்திடுவேன்.

– நிதானம் மாப்பிள்ளை, நிதானம். நூத்தி எண்பது டிகிரியில ஓடுது.

– எனக்குத் தெரியும். எங்க அண்ணனுக்குத்தான் தெரியாமப் போச்சு. ஒட்டியிருந்த ரப்பரப் பிய்க்க ரெண்டு கையையும் வச்சான். ஏன் வச்சான்? மீட்டர் சைபர்னு காட்டுச்சு!

– சென்சார் கம்பி அறுந்திருந்தது…

– அறுந்தா ஒரு டிரான்ஸ்மிட்டர் உச்சத்துக்கு ஏறும், அலாரம் அடிச்சு மெஷின நிறுத்தும். இன்னொண்ணு கமுக்கமா சைபருக்கு இறங்கும், ஹீட்டர் பாட்டுக்கு எரியும். பர்ச்சேஸ்ல இருபது வருஷமா குப்பை கொட்டுறீங்க, இதுகூடவா தெரியாது?

– தெரியும்.

– தெரிஞ்சேதான் இறங்குறத வாங்கினியா? யோவ்!

– ஆ! தோள்பட்டை… கழண்டுடும் மாப்பிள்ளை!

– கழலட்டும். மாமனாராச்சேன்னு பார்க்க மாட்டேன். உம் பொண்ணு வந்து கால்ல விழுந்தாலும் விட மாட்டேன்.

– சரி, கைய தகட்டுல வையுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க. உங்களுக்குக் கொழந்த பொறந்த அன்னிக்கு…

– எங் கொழந்தைய இதுல இழுக்காத!

– கேளுங்கங்கறேன்! அன்னிக்குக் கம்பி லூசாகி நாலு தடவை அலாரம் அடிச்சுது. நாலு தடவையும் ஆஸ்பத்திரியிலேருந்து உங்களத்தான் ரிப்பேருக்கு இழுத்தோம். அஞ்சாவது தடவையும் அடிச்சு, கூப்பிட்டப்போ போன்ல கத்தினீங்களே, ஞாபகம் இருக்கா?

– என்ன கத்தினேன்?

– “அறுந்தா இறங்குற மாதிரி ஒண்ணு வாங்கி மாட்டித் தொலைங்க, என்ன நிம்மதியா விடுங்க”ன்னு.

– அது… ஏதோ கோவத்துல சொன்னது மாமா. நிஜமாவே வாங்குவீங்கன்னு நான் கண்டேனா?

– மெக்கானிக்கே சொல்றாரு, சரியாத்தான் இருக்கும்னு வாங்கிட்டேன். நீங்க லீவுல இருக்கும்போதே மாட்டியாச்சு.

– விசாரணையில… என்ன சொன்னீங்க?

– யாரும் சொல்லல, நானாத்தான் வாங்கினேன்னு எழுதிக் குடுத்துட்டேன். வேலை போகும். ஜெயிலும் இருக்கலாம்.

– ஐயோ, நான் ஒரு பாவி. காட்டுங்க மாமா, மணிக்கட்டெல்லாம் வீங்கிப்போச்சே. மாமா… அண்ணனுக்கு மட்டும் இது தெரிய வேணாம்.

– அன்னிக்கு அந்த போனை ஸ்பீக்கர்ல போட்டதே உங்க அண்ணன்தான் மாப்பிள்ளை. நேத்து ஆஸ்பத்திரியில, கட்டுப்போட்ட கைய நீட்டி, உங்க பேர எழுத மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கினதும் அவர்தான்.