நக்கோவுக்கு லாரி வருது

பகவதி: கொஞ்சம் சும்மா இருங்க. ரிப்போர்ட்ட முழுசா வாசிச்சுக்கிடுதேன்.

ஜகதீசன்: நான் என்ன சொன்னேன்? காபி ஆறுதுன்னுதான சொன்னேன்.

பகவதி: இறங்கிட்டு...

ஜகதீசன்: எது, சூடா?

பகவதி: டெஸ்டோஸ்டீரோனுங்க! ஜனவரில உச்சத்துல நின்னுச்சு. இப்போ அதுல கால்வாசிகூட இல்ல.

ஜகதீசன்: இருக்காது. நல்லாப் பாரு. வேற மானோடதா இருக்கும்.

பகவதி: "மிளா, ஆண், வயது ஏழு, பெயர் நக்கோ." இந்த ஹைதராபாத்துல வேற எந்த மிளாவுக்கு நக்கோன்னு பேரு?

ஜகதீசன்: எல்லாம் உங்க மான் பார்க்குல தீனி வைக்குத சபீனா வச்ச பேரு. குட்டியில பால் பாட்டில நீட்டினா மூஞ்சியத் திருப்பிக்கிடும்... "கைக்கு நக்கோ பேட்டா, கைக்கு நக்கோ"ன்னு கெஞ்சிக்கிட்டுத் திரிஞ்சா.

பகவதி: ஆமா, ஏன் வேண்டாம், ஏன் வேண்டாம்னு கெஞ்சியும் அவகிட்ட குடிக்கல. இங்க கொண்டாப்பூருக்குத் தூக்கிட்டு வந்தப்புறம் உங்க மடியில படுத்துல்லா குடிச்சான்.

ஜகதீசன்: மூணு வாரம்! அபார்ட்மென்ட் செக்ரட்டரிட்ட நாய்க்குட்டின்னு சாதிச்சோமே...

பகவதி: சாதிச்சது நீங்க. "காது மட்டும் கொஞ்சம் பெருசு சார்"னு.

ஜகதீசன்: நம்பிட்டாருல்ல? சரி, அத விடு. இந்த லேப்ல தப்பு நடந்திருக்கும் பகவதி.

பகவதி: எனக்கும் அப்படித்தான் தோணுது.

ஜகதீசன்: உனக்கு ஏன் தோணுது? நீதான டாக்டரு. மார்ச் வந்தா இறங்கும்னு நீதான சொன்ன?

பகவதி: சொன்னேன்... இவ்வளவு இறங்கும்னு நெனைக்கல. உங்களுக்கு ஏன் தோணுது?

ஜகதீசன்: எனக்கு... சும்மாதான்.

பகவதி: வேணும்னா வேற புழுக்கை எடுத்து இன்னொரு தடவ டெஸ்ட்டு...

ஜகதீசன்: வேண்டாம்! ஐயோ, அதெல்லாம் வேண்டாம்.

பகவதி: ஏன் இப்படிக் கத்துதீங்க? நானும் வேண்டாம்னுதான் சொல்ல வந்தேன்.

ஜகதீசன்: அப்போ... இனி என்ன?

பகவதி: என்ன, பத்துப் பதினஞ்சு நாள்ல கொம்பு விழுந்திரும். விழுந்ததும் லாரி. வெயில் முத்துறதுக்குள்ள காட்டுல கொண்டு விட்டிருவாங்க.

ஜகதீசன்: ரிப்போர்ட்டுல கூடுதலா வந்திருந்தா?

பகவதி: லாரி இந்த வருஷம் கெடையாது. முறுக்கிக்கிட்டு நிக்குத மிளாவ எவன் பெட்டியில ஏத்துவான்? அடுத்து வெயில், மழை, மறுபடி குளிர்... அடுத்த மார்ச்சுதான்.

ஜகதீசன்: ம்ம்... போன ஞாயித்துக்கிழமகூட அத்தி எலை கொண்டுட்டுப் போனேன். ஒரு கட்டு முழுக்கத் தின்னான். நிமிந்துகூடப் பாக்கல.

பகவதி: அதான் அறிகுறி. அது இறங்கினா பசி ஏறும். டிசம்பர்ல எப்படி இருந்தான்னு ஞாபகம் இருக்கா? குதிரைமசால், ஊறவச்ச கடலை, முருங்கைக்கொழை... எத வச்சாலும் மோந்து பாத்துட்டுப் போயிருவான்.

ஜகதீசன்: விலா எலும்ப எண்ணலாம் போல கெடந்தானே. நான் பயந்துட்டேன்.

பகவதி: முப்பத்தஞ்சு கிலோ எளச்சான். அந்த சீசன்ல அவனுக்குச் சாப்பாடு ஞாபகமே வராது. நீங்க கல்யாணத்துக்கு முந்தி இருந்த மாதிரி.

ஜகதீசன்: ஏட்டி, நான் ஹாஸ்டல் சாப்பாட்டுல எளச்சவன்!

பகவதி: கல்யாணமாகி மூணே மாசத்துல எட்டு கிலோ ஏறினீங்களே?

ஜகதீசன்: அது உங்கம்மா சொதி. சீசனுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

பகவதி: ஹவ், ஹவ்... ஆமாமா, நம்பிட்டேன்.

ஜகதீசன்: அங்க அவனுக்கு இந்தக் கடலை, உப்புக்கட்டியெல்லாம் யார் வைப்பா? புதுக் கொம்பு மொளைக்கும்போது சத்து வேணும்னு சொல்லுவியே...

பகவதி: முதல் ரெண்டு மாசம் வேலிக்குள்ள வச்சுத் தீனி குடுப்பாங்க. அட்டவணை நான்தான் எழுதிக் குடுத்திருக்கேன். அப்புறம் காட்டுல எலை தழைக்கா பஞ்சம்?

ஜகதீசன்: எல்லாம் சரிதான்... உனக்கு ஒண்ணும் இல்லியா?

பகவதி: என்ன இல்லியா?

ஜகதீசன்: அவன் போறது.

பகவதி: இல்லாம? ஆனா அந்தக் குளிருல வேலியோரம் நின்னு கத்திக்கிட்டே இருந்தான் பாருங்க. திருப்பிக் கத்த அங்க ஒரு பொட்ட மிளா உண்டா? யாருக்காக அப்படிப் பட்டினி கெடந்தான்? விடப்போற காட்டுல பன்னெண்டு பொட்ட நிக்கு. போகட்டும்னுதான் அறிவு சொல்லுது.

ஜகதீசன்: அறிவு சொல்லுது... மனசு?

பகவதி: அத ஏன் இப்போ கேக்கீங்க? காபியக் குடிங்க.

ஜகதீசன்: பகவதி... ஒண்ணு சொன்னா ஏசமாட்டியே?

பகவதி: ஏசுத மாதிரின்னா ஏசத்தான் செய்வேன். சொல்லுங்க.

ஜகதீசன்: நம்ம ஃப்ரீசர்ல ரெண்டு டப்பா இருந்துச்சுல்லா? ஜனவரில எடுத்த புழுக்கையில மீதி ஒண்ணு... இந்த மாசத்துது ஒண்ணு...

பகவதி: ஆமா... வேலைக்குச் சனத்நகர் போற வழியில லேப்ல குடுங்கன்னு இந்த மாசத்து டப்பாவ உங்ககிட்ட தந்தேன்.

ஜகதீசன்: அன்னைக்குக் காலைல நீ குளிக்கப் போனப்ப... ரெண்டு டப்பா ஸ்டிக்கரையும் உரிச்சு, மாத்தி ஒட்டிட்டேன்.

பகவதி: என்னது?

ஜகதீசன்: ஜனவரி புழுக்கைன்னா கூடுதலாத்தான வரும்? லாரி வராது. இன்னும் ஒரு வருஷம் அவன் நம்ம கண்ணு முன்னால நிப்பான்னு... தப்புத்தான். வெளிய தெரிஞ்சா உன் வேலையே போயிருக்கும். அவன விட்டுட்டு என்னால இருக்க முடியாதுட்டி. அவ்வளவுதான் தோணுச்சு.

பகவதி: ஐயோ, என்னங்க நீங்க...

ஜகதீசன்: ஏட்டி... அழுவுதியா, சிரிக்கியா?

பகவதி: ரெண்டுந்தான்.

ஜகதீசன்: ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. நான் மாத்தினது மாத்தினதுதான? அப்புறம் எப்படி இறங்கிட்டுன்னு வரும்?

பகவதி: எப்படின்னா... அன்னைக்கு நீங்க பால் வாங்கக் கீழ போனப்பவே, ரெண்டையும் நான் மாத்தி ஒட்டிட்டேங்க. நீங்க வந்து திரும்ப சரியா ஒட்டிட்டீங்க.